விரல் நீள மீனுக்கு ஏன் இத்தனை பாடு? ஒரு கால்வாய்ப் போட்டி நாள்

கேள்வி இதுதான்: "இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் கால்வாய். ஞாயிறு காலையில் நடக்கப் போனால் இருபது முப்பது பேர் வரிசையாகப் பெட்டி மேல் உட்கார்ந்து, எதிர்க்கரை வரை நீளும் கம்பால் மீன் பிடிக்கிறார்கள். வருவதெல்லாம் விரல் நீள மீன். மாலையில் எடை போட்டுவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். என்ன போட்டி இது? சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன சுவாரசியம்? என் பையனுக்கு 12 வயது. அவனும் போகணும் என்கிறான்."

பதினோரு வருடமாக அந்தப் பெட்டிகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கேள்வியில் ஒரே ஒரு தப்பு இருக்கிறது. "சும்மா உட்கார்ந்திருப்பது" என்பது. அங்கே யாரும் சும்மா இல்லை.

நீங்கள் பார்த்ததை இங்கே கோர்ஸ் ஃபிஷிங் மேட்ச் என்பார்கள். சால்மன், டிரவுட் இரண்டும் இந்த நாட்டில் பண்ணையார் வீட்டு மீன்கள். கனவான்கள் பிடிக்கும் மீன் என்று அவற்றுக்குத் தனி மரியாதை. மிச்ச நன்னீர் மீன் எல்லாம் 'கோர்ஸ்', அதாவது மட்டம். அந்த மட்டமான மீனைத்தான் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்தார்கள், அதிலேயே பந்தயமும் கட்டினார்கள். உங்கள் ஊருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1963இல் உலகத் தூண்டில் சாம்பியன் ஆன பில்லி லேன் கோவென்ட்ரிக்காரர்.

கால்வாயில் இருப்பது பெரும்பாலும் ரோச், பெர்ச், கட்ஜன், பிரீம். ரோச் நம் கெண்டைக் குடும்பம்தான், வெள்ளி உடம்பு, சிவந்த கண். பெர்ச்சுக்கு உடம்பில் கறுப்புப் பட்டை, முதுகில் முள். கட்ஜன் அயிரையைவிடக் கொஞ்சம் பெரிது, அடிமண்ணில் மேயும். ஒரு ரோச் சராசரியாக ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் இருந்தாலே பரவாயில்லை என்போம். போட்டி நேரம் ஐந்து மணி. ஐந்து பவுண்டு எடை வேண்டுமென்றால் அப்படி 80 மீன் பிடிக்க வேண்டும். 300 நிமிடத்தில் 80 என்றால் நாலு நிமிடத்துக்குள் ஒன்று. இதற்குள் 11 மீட்டர் கம்பை நீட்டி, தக்கையைப் பார்த்து, சுண்டி, கம்பைப் பின்னால் இழுத்து, மீனைக் கழற்றி, இரை மாற்றி, திரும்ப நீட்ட வேண்டும். இதில் எங்கே சும்மா உட்காருவது?

ஆனால் வேகம் பாதிதான். மீதிப் பாதி, என் கணக்கில் பெரிய பாதி, இரை போடுவது. முள்ளில் கோப்பதைச் சொல்லவில்லை, மீனைக் கூட்டுவதற்காகத் தண்ணீரில் தூவுவதைச் சொல்கிறேன். எவ்வளவு, எங்கே, எப்போது என்பதில்தான் போட்டி இருக்கிறது. போட்டது போட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது. அதிகம் போட்டால் மீன் வயிறு நிறைந்து முள்ளைச் சீண்டாது. குறைத்தால் அடுத்தவன் இடத்துக்குப் போய்விடும். கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறுகிறவனுக்குத் தெரியும் இந்தக் கஷ்டம்.

இனி நாளுக்கு வருகிறேன். அது சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடும். தூண்டில் கடைக்குப் போய்ப் புழு வாங்குவேன். பெரிய ஈயின் புழு மேகட், அதைவிடச் சின்னது பிங்கி, அதிலும் சின்னது வீட்டு ஈயின் புழுவான ஸ்க்வாட். மேகட் கூட்டுப்புழுவாகிக் கெட்டிப்பட்டால் அதற்குப் பெயர் கேஸ்டர்; ரோச்சுக்கு அது லட்டு மாதிரி. குளிர்காலத்தில் ரத்தப்புழு, தூவுவதற்கு அதன் சின்ன உறவு ஜோக்கர். பிந்தியது செய்தித்தாளில் பொட்டலமாக வரும். தங்க விலை. சில போட்டிகளில் இரண்டுக்கும் தடை. (ஒரு காலத்தில் மேகட்டுக்கு வெண்கல நிறம் ஏற்றக் கிரைசாய்டின் என்ற சாயம் போட்டார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சந்தேகம் 1980களில் கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள்.)

புழு சாகாமல் இருக்க ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது பிங்கி டப்பாவைத் திறந்துவிட்டார். "டேய், நொய்யெல்லாம் புழு வச்சுப் போச்சுடா." அரிசி இல்லம்மா, புழுவுக்குத்தான் காசு கொடுத்தேன் என்றேன். அன்றிலிருந்து அந்த ஃபிரிட்ஜை அவர் தொடவில்லை. இப்போது கார் ஷெட்டில் தனிக் குட்டி ஃபிரிட்ஜ்.

அப்புறம் ரொட்டி. விலை மலிந்த வெள்ளை ரொட்டியின் ஓரத்தை வெட்டி, மிக்ஸியில் ஓட்டி, சல்லடையில் சலித்தால் ரவை மாதிரி வரும். தூவ அது. முள்ளுக்கு வேறொரு துண்டு: பித்தளைக் குழாய் நுனியால் அழுத்தினால் மூன்று நாலு மில்லிமீட்டர் வட்டம் ஒட்டிக்கொண்டு வரும். அதற்குள் முள்ளைச் செலுத்த வேண்டும். தண்ணீரில் அது பஞ்சு போல் ஊதும். கால்வாய் ரோச் இதற்கு மயங்குகிற மாதிரி வேறெதற்கும் மயங்குவதில்லை.

காலை எட்டு மணிக்கு ஒரு பப்பிலோ கார் நிறுத்தும் இடத்திலோ கூடுவோம். நுழைவுப் பணம் கட்டி, பையில் கைவிட்டு ஒரு எண் எடுக்க வேண்டும். கரையில் எந்த இடம் என்று சொல்லும் அந்த எண்ணுக்குப் பெக் என்று பெயர். பாதி விதி இங்கேயே எழுதியாகிவிட்டது. வரிசையின் கடைசி பெக் கிடைத்தால் ஒரு பக்கம் போட்டியாளர் இல்லை, அந்தப் பக்கத்து மீனெல்லாம் நம்முடையது. எதிர்க்கரையில் தண்ணீரைத் தொடும் புதர் இருந்தால் யோகம். சுத்தமாக வெட்டிய புல்வெளியும் தோட்டத்து நாற்காலியும் எதிரே இருந்தால் பெருமூச்சு. இந்த அநியாயத்தைக் கொஞ்சமாவது சரிக்கட்டத்தான் வரிசையைச் செக்‌ஷன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதலில் வருபவருக்குத் தனிப் பரிசு வைக்கிறார்கள். சுமாரான பெக் எடுத்தவன் மொத்தப் பரிசை மறந்துவிட்டுப் பக்கத்துப் பத்துப் பேரை மட்டும் ஜெயிக்கப் பார்ப்பான்.

கால்வாயின் அடிப்பகுதி ஒரு தாம்பாளம் மாதிரி. 1760களின் கடைசியில் நிலக்கரி கொண்டுபோக ஜேம்ஸ் பிரிண்ட்லி வெட்டத் தொடங்கியது உங்கள் கோவென்ட்ரிக் கால்வாய். 38 மைல் தூரமும் முடிய 1790 ஆகிவிட்டது. நம் கரையிலிருந்து ஒரு சின்னத் திட்டு, பிறகு சரிவு, நடுவில் படகு ஓடும் பள்ளம், அது நாலைந்து அடி ஆழம். எதிர்ப்பக்கம் மறுபடி சரிவு ஏறி, கரையோரம் இரண்டடி. ஒவ்வொரு மட்டத்திலும் வேறு மீன், வேறு நேரம். அதனால் ஒரே தூண்டில் போதாது. ஆழத்துக்கு ஒன்றாக ஐந்தாறு நுனிகளைக் கட்டித் தயாராக வைப்போம்.

கம்புக்கு 'போல்' (pole) என்று பெயர். கார்பன் இழை, துண்டு துண்டாகச் செருகுவது, ரீல் கிடையாது. நுனித் துண்டுக்குள் மெல்லிய ரப்பர் ஓடும். அதன் முனையில் தலைமுடி தடிமனில், 0.08 மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு, 22ஆம் எண் முள். எண் கூடக்கூட முள் சிறுக்கும். 22 என்பது அரிசியைவிடச் சின்னது. பெரிய மீன் மாட்டினால் ரப்பர்தான் நீண்டு கொடுத்து நரம்பைக் காப்பாற்றும். தக்கையின் தலை ஊசி மாதிரி. அதில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்படி எடைக்குண்டு கோக்க வேண்டும். ஈயக்குண்டு இங்கே போட முடியாது. அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால், 28 கிராம் வரையான தூண்டில் ஈயத்தை விற்பது 1987இலிருந்து தடை. தூசி அளவு குண்டுகளுக்கு மட்டும் விலக்கு.

இந்தக் கம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார்பனில் மின்சாரம் பாயும். மின்கம்பி தலைக்கு மேல் போகும் இடத்தில் இந்தக் கம்பைத் தூக்கிச் செத்தவர்கள் உண்டு. கம்பியிலிருந்து 30 மீட்டர் தள்ளித்தான் உட்கார வேண்டும். பையனுக்கு நீச்சலுக்கு முன்னால் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பத்து மணிக்கு விசில். எல்லோரும் ஒரே சமயத்தில் கம்பை நீட்டுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். நுனியில் மாட்டிய கிண்ணத்தில் எலுமிச்சை அளவு ரொட்டித்தூள் உருண்டை. அதை நடுப் பள்ளத்தின் அந்தப் பக்கச் சரிவில் கவிழ்ப்பேன். மேகம் மாதிரி வெள்ளையாகப் பரவி இறங்கும். கம்பை இழுத்து, நுனியை மாற்றி, ரொட்டி வட்டத்தை முள்ளில் கோத்து அதே மேகத்துக்குள் இறக்குவேன். முதல் மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு தக்கைத் தலை நடுங்கும், கொஞ்சம் மேலே எழும், அரை நொடி நிற்கும், காணாமல் போகும். கையை ஒரு சாண் உயர்த்தினால் போதும், ரப்பர் துடிப்பது தெரியும். வெட்டி இழுத்தால் உதடு கிழியும். முள்ளுக்குப் பின்னோக்கிக் கவ்வும் எதிர்முனை கிடையாது, அதனால் நரம்பு தளர்ந்தால் மீன் போய்விடும். மீன் கைக்கு வந்து, முள் கழன்று, தண்ணீரில் தொங்கும் வலைக்குள் போகப் பதினைந்து நொடி. நல்ல நாளில் முதல் முக்கால் மணியில் இப்படி இருபது முப்பது வரும்.

பிறகு நின்றுவிடும். எப்போதும் நிற்கும். புதிதாக வந்தவன் இங்கேதான் கெடுவான்: மீன் வரவில்லையா, இன்னொரு உருண்டை போடு என்பான். எனக்கு அந்த வியாதி தீர மூன்று வருடம் ஆனது. மீன் போகவில்லை, பயந்து பின்வாங்கியிருக்கிறது. அந்த இடத்தை ஆறவிட்டு, வேறொரு கோட்டுக்கு, அதாவது கரையிலிருந்து வேறொரு தூரத்துக்குப் போக வேண்டும். அதற்காகவே முதல் விசிலிலிருந்து எதிர்க்கரைப் புதரடியில் பத்துப் பத்துக் கேஸ்டராகத் தூவிக்கொண்டிருப்பேன், ஆனால் அங்கே தூண்டில் போடவே மாட்டேன். கை அரிக்கும். இரண்டு மணி நேரம் அந்த அரிப்பை அடக்கினால் பெரிய ரோச் பயம் தெளிந்து வந்து நிற்கும்.

நடுவில் படகு வரும். நேரோபோட் என்னும் ஏழடி அகலப் படகு. மணிக்கு நாலு மைல்தான் வேகம், ஆனால் பள்ளத்தை அப்படியே கலக்கிவிட்டுப் போகும். கம்பைத் தூக்கிக்கொண்டு சிரித்துக் கையசைக்க வேண்டும். கால்வாய் அவர்களுக்காக வெட்டியது, நமக்காக இல்லை. திட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு என்னவோ படகு பிடிக்கும். தெளிந்த தண்ணீரில் வெயில் அடித்தால் மீன் வாயே திறக்காது. ஒரு படகு போய்ச் சேறு கிளம்பி, தண்ணீர் பால் காப்பி நிறத்துக்கு வந்தால் மீனுக்குத் தைரியம் வரும். குளிர்காலத்தில் படகே வராத ஞாயிறுகள்தான் மோசம். அதேபோல, அதர்ஸ்டோனில் 11 லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) வரிசையாக இருக்கிறது அல்லவா, அங்கே மேல் லாக்கை ஒருவர் நிரப்பினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். பக்கத்தில் உட்கார்ந்தால் தக்கை தானாகப் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். ஓடுவதில்லை என்று பெயர் எடுத்த தண்ணீர் ஐந்து நிமிடம் ஆறு மாதிரி ஓடும். சிலசமயம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் மீன் வெறிபிடித்து எடுக்கும்.

கரைப்பாதை இன்னொரு கதை. படகை இழுத்த குதிரைகளுக்குப் போட்ட பாதை அது, இப்போது நாய், குழந்தை வண்டி, சைக்கிள். ஒவ்வொரு மீனுக்கும் 11 மீட்டர் கம்பு பின்பக்கமாகப் பாதையைக் கடந்து புதருக்குள் போய்வர வேண்டும். இழுக்குமுன் இரண்டு பக்கமும் பார்ப்பது பழக்கமாக வேண்டும். இரண்டு வருடம் முன்பு நான் பார்க்காமல் இழுத்தேன். சைக்கிள்காரர் பிரேக் போட்டும் பயனில்லை. நாலாம் துண்டு முருங்கைக்காய் மாதிரி முறிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்டார். தப்பு என்னுடையது. மாற்றுத் துண்டின் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மதியம் ஒரு மணிக்கு மேல் மண்புழு. கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி நம் கரைச் சரிவில் போட்டால் பெர்ச் வரும். கால் கிலோ பெர்ச் ஒன்று எட்டு ஒன்பது ரோச்சுக்குச் சமம். ஆனால் அதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினால் அந்த நேரத்தில் பிடித்திருக்க வேண்டிய சின்ன மீன் போச்சு. பக்கத்துப் பெக் தாத்தா எதைப் பிடிக்கிறார், என்னைவிட முன்னாலா என்று ஓரக்கண் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "ஏதோ நாலைந்து" என்பார்கள். வலையில் நாலு பவுண்டு இருக்கும்.

உங்கள் பக்கத்துக் கால்வாய்களில் ஜான்டர் என்ற மீனும் உண்டு. வெளிநாட்டு மீன், 1963இல் கிழக்கு இங்கிலாந்தில் விட்டது, மெல்ல மெல்ல நடு இங்கிலாந்துக் கால்வாய்கள் வரை வந்துவிட்டது. சின்ன மீனைத் தின்று தீர்ப்பதால் கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் மின்சாரம் பாய்ச்சி மயக்கி அதை அகற்றுகிறது. பிடித்தால் அனுமதியில்லாமல் திரும்ப விடக் கூடாது என்பது சட்டம். மற்ற மீனை எடுக்கக் கூடாது, இதை விடக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் குழம்புவது நியாயம்தான்.

மூன்று மணிக்குக் கடைசி விசில். எடை போடுகிறவர்கள் தராசும் பலகையுமாக வரிசையின் ஒரு முனையிலிருந்து வருவார்கள். நாம் வலையைத் தண்ணீரிலேயே வைத்திருந்து, அவர்கள் வந்த பிறகுதான் தூக்க வேண்டும். முடிச்சில்லாத மெல்லிய வலை, மீனின் செதில் உரியாது. ஈரப் பையில் கொட்டி, தராசில் மாட்டி, முள் நிற்கும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதியதும் பையைத் தண்ணீரில் சாய்த்துவிடுவார்கள். ஐந்து மணி நேர உழைப்பு இரண்டு நொடியில் போய்விடும்.

இங்கே பவுண்டு, அவுன்ஸ், அதற்கும் கீழே டிராம். 16 டிராம் ஒரு அவுன்ஸ். போன பிப்ரவரியில் எனக்கு 1 பவுண்டு 9 அவுன்ஸ் 4 டிராம். மூன்று பெக் தள்ளி இருந்தவருக்கு 1 பவுண்டு 9 அவுன்ஸ் 7 டிராம். மூன்று டிராம் என்பது ஐந்து கிராம் சொச்சம், இங்கத்து 20 பென்ஸ் நாணயத்தின் எடை. மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில் ஒரு கட்ஜன் என் கையிலிருந்து வழுக்கி, வலை விளிம்பில் பட்டு, வெளியே விழுந்தது. அது குறைந்தது எட்டு டிராம் இருக்கும். அன்று இரவு சாப்பிடும்போதும் அந்த மீன்தான் கண்ணில் நின்றது. பிறகு பப்பில் முடிவு வாசித்து, காசு உறையைக் கொடுத்தார்கள். அவர் தன் உறையிலிருந்து எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார், அதுவும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஏன் திருப்பி விடுகிறார்கள் என்றீர்கள். அடுத்த வாரமும் அங்கேதான் போட்டி, அதே மீன் வேண்டும் என்பது முதல் காரணம். முள் நிறைந்த மீன், இங்கே யாரும் சாப்பிடுவதும் இல்லை. அது போக, கால்வாய் மீனுக்குச் சொந்தக்காரர் உண்டு. அனுமதியில்லாமல் எடுத்துப்போனால் சட்டப்படி திருட்டு. நம் ஆட்கள் சிலர் குழம்புக்கு நாலு எடுத்துக்கொண்டு போய் மாட்டியிருக்கிறார்கள். தெரியாமல் செய்தது என்றாலும் கேட்க மாட்டார்கள்.

பையன் விஷயம். 13 வயது ஆகும் வரை அரசு உரிமம் வேண்டாம். 13 முதல் 16 வரை உரிமம் கட்டாயம், ஆனால் இலவசம், இணையத்திலேயே எடுக்கலாம். அதற்கு மேல் காசு. உரிமம் இல்லாமல் பிடித்தால் 2,500 பவுண்டு வரை அபராதம். உரிமம் தவிர அந்தக் கால்வாய்ப் பகுதியை வைத்திருக்கும் கிளப்பின் அனுமதிச் சீட்டும் வேண்டும், கிளப்பில் சேர்ந்துவிட்டால் அது முடிந்தது. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கத் தடை. பெரும்பாலான கால்வாய்களுக்கு அது இல்லை, அதனால் எந்த மாதமும் தொடங்கலாம். எடுத்த எடுப்பில் 11 மீட்டர் கம்பு வாங்காதீர்கள். நாலு மீட்டர் விப் (ரீல் இல்லாத இலேசான சின்னக் கம்பு) போதும், ஒரு டப்பா பிங்கி, நம் கரையோரக் கட்ஜன். அடுத்த ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு வந்து யாராவது ஒருவரின் பின்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். முதல் மீன் வந்த பிறகு பேச்சுக் கொடுங்கள், முன்னால் வேண்டாம். கம்பு பின்வாங்கும் வழியில் மட்டும் நிற்காதீர்கள்.